பதிவாகாத நிலநடுக்கங்களை எண்ணுவது எப்படி?

நிலநடுக்கப் பதிவுகளில் உள்ள இடைவெளிகளைப் புள்ளியியல் முறையில் நிரப்புகிறார்கள் என்று சொன்னால், கேட்பவர்கள் பொதுவாக இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். "அப்படியென்றால் இல்லாத தரவை உட்கார்ந்து எழுதிக்கொள்கிறார்களா?" என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். "தொலைந்த நிலநடுக்கங்களையே கணினி கண்டுபிடித்துவிட்டது, அடுத்தது எப்போது என்றும் சொல்லிவிடும்" என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். சந்தேகமும் நம்பிக்கையும் இரண்டுமே தவறான இடத்தில் விழுகின்றன. இந்த வேலைக்கு ஒரு தெளிவான தர்க்கம் உண்டு, தெளிவான எல்லையும் உண்டு. பெரிய கணக்கு எதுவும் இல்லாமலே இரண்டையும் புரிந்துகொள்ளலாம்.

## காது அடைத்துப்போகும் நேரம்

தீபாவளி இரவில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, தெருவில் வெடிக்கும் ஒவ்வொரு வெடியையும் ஒரு நோட்டில் குறிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிஜிலி வெடிகள் ஏராளம், லட்சுமி வெடி அதைவிடக் குறைவு, அணுகுண்டு எப்போதாவது ஒன்று. சந்தடி குறைவான நேரத்தில் பக்கத்துத் தெரு பிஜிலிகூடக் கேட்கும். வாசலிலேயே ஒரு அணுகுண்டு வெடித்தால் காது அடைத்துவிடும். அடுத்த சில நொடிகளில் வெடித்த பிஜிலிகள் நோட்டில் ஏறாது. லட்சுமி வெடி ஒன்றிரண்டு ஏறியிருக்கலாம். காது தெளியத் தெளியச் சிறியவையும் கேட்க ஆரம்பிக்கும். மறுநாள் அந்த நோட்டை மட்டும் பார்ப்பவருக்கு, அணுகுண்டு வெடித்த உடனே தெருவில் எல்லோரும் பிஜிலி கொளுத்துவதை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

நிலநடுக்கமானிகளின் பதிவிலும் இதே கோளாறு வருகிறது. அளவு ஒன்று கூடினால் கருவியில் பதியும் அசைவு சுமார் பத்து மடங்கு பெரிதாகும். ('அளவு' என்று நான் சொல்வது, செய்திகளில் 'ரிக்டர் அளவு' என்று வரும் அந்த எண்ணை.) 7 அளவு நிலநடுக்கத்தின் அலைகள் பல நிமிடங்கள் ஓயாமல் கருவியை ஆட்டிக்கொண்டிருக்கும்போது, 3 அளவுள்ள ஒன்று அதே கோட்டில் எங்கே தெரியப்போகிறது? அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று என்று அலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போது எது எதனுடையது என்று பிரிப்பதும் சிரமம். சில நிலையங்களில் மின்சாரம் போயிருக்கும், தகவல் இணைப்பு அறுந்திருக்கும். பதிவுகளைச் சரிபார்க்கும் பணியாளர்கள் கைக்கு அடங்காத வேலையில் மூழ்கியிருப்பார்கள்.

தீபாவளித் தெருவில் இல்லாத ஒரு சங்கடமும் நிலத்துக்கு உண்டு. பெரிய நிலநடுக்கமே சிறியவற்றைத் தூண்டிவிடுகிறது. இப்படிப் பெரியதைத் தொடர்ந்து அதே பகுதியில் வருபவற்றைப் பின்னதிர்வுகள் என்கிறோம். அவை மிக அதிகமாக வருவது முதல் சில நிமிடங்களிலும் மணி நேரங்களிலும்தான். அதாவது கருவிகளுக்குக் காது அடைத்திருக்கும் அதே நேரத்தில்தான் நிலம் மிக அதிகமாகப் பேசுகிறது.

## எவ்வளவு விட்டுப்போகிறது?

நிகழ்ந்த நிலநடுக்கங்களின் நேரம், இடம், ஆழம், அளவு ஆகியவற்றை வரிசையாகத் தொகுத்ததுதான் நிலநடுக்கப் பட்டியல். எந்தப் பட்டியலுக்கும் ஒரு 'முழுமை அளவு' இருக்கும். அந்த அளவுக்கு மேற்பட்டவை அனைத்தும் பதிவாகியிருக்கும் என்று நம்பலாம். அதற்குக் கீழே சில இருக்கும், சில இருக்காது.

இந்த முழுமை அளவு நிலையானது என்று நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அது நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும். கலிபோர்னியாவின் பின்னதிர்வுகளை ஆராய்ந்து ஹெல்ம்ஸ்டெட்டர், ககன், ஜாக்சன் ஆகியோர் 2006இல் இதற்கு ஓர் எளிய சூத்திரம் தந்தார்கள். 1992 ஜூன் 28இல் அங்கே லேண்டர்ஸ் பகுதியில் வந்தது போன்ற 7.3 அளவு நிலநடுக்கத்துக்கு அதைப் போட்டுப் பார்த்தால், கால் மணி நேரம் கழிந்தபோது முழுமை அளவு சுமார் 4.3. ஒரு நாள் கழித்து 2.8. பத்து நாள் கழித்துத்தான் 2க்குப் பக்கத்தில் இறங்குகிறது.

4.3 என்றால் வீட்டில் இருப்பவர்கள் நன்றாகவே உணரக்கூடிய அதிர்வு. அதற்குச் சற்றுக் கீழே உள்ளவைகூட முதல் கால் மணி நேரத்தில் பட்டியலிலிருந்து நழுவிவிடலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பட்டியலில் ஓட்டை விழுவது தற்செயலாக இல்லை. பெரிய நிலநடுக்கம் வந்த உடனே, சிறிய அளவுகளின் பக்கம், ஒழுங்கான வடிவத்தில் விழுகிறது. ஓட்டைக்கு ஒரு வடிவம் இருப்பதால்தான் அதை மதிப்பிடவும் முடிகிறது.

## கைகொடுக்கும் இரண்டு பழைய விதிகள்

1944இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பெனோ குட்டன்பெர்க், சார்லஸ் ரிக்டர் இருவரும் ஓர் ஒழுங்கை எடுத்துக்காட்டினார்கள். ஒரு பகுதியில் 6க்கு மேற்பட்ட நிலநடுக்கம் ஒன்று வந்தால், 5க்கு மேற்பட்டவை சுமார் பத்து, 4க்கு மேற்பட்டவை சுமார் நூறு வரும். ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு. இந்த இறக்கம் எவ்வளவு செங்குத்து என்பதைச் சொல்லும் எண்ணுக்கு பி மதிப்பு என்று பெயர். சரியாகப் பத்து மடங்கு என்றால் பி மதிப்பு 1. உலகின் பெரும்பாலான இடங்களில் அது 1ஐ ஒட்டியே இருக்கிறது.

இரண்டாவது விதி இன்னும் பழையது. 1891 அக்டோபர் 28இல் ஜப்பானின் நோபி சமவெளியைப் பெரும் நிலநடுக்கம் ஒன்று புரட்டிப்போட்டது. அதன் பின்னதிர்வுகளை எண்ணிப் பார்த்த ஃபுசாகிச்சி ஓமோரி, அவை காலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைவதை 1894இல் வெளியிட்டார். பத்தாம் நாளில் வருவது முதல் நாளின் வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நூறாம் நாளில் நூறில் ஒரு பங்கு. நோபியின் பின்னதிர்வுகள் ஒரு நூற்றாண்டு கழிந்தும் ஏறத்தாழ இதே கோட்டில் தேய்ந்துகொண்டிருந்ததை அவர் வழிவந்த ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். இயற்கையில் இவ்வளவு நீண்ட காலம் சொன்ன சொல் தவறாத விதி அபூர்வம். எனக்கு இன்றைக்கும் இது வியப்புதான்.

முதல் விதி எந்த அளவில் எத்தனை என்கிறது. இரண்டாவது எந்த நேரத்தில் எத்தனை என்கிறது. பதிவான பகுதியிலிருந்து பதிவாகாத பகுதியை நோக்கிக் கோட்டை நீட்ட இவை இரண்டும் போதும்.

## குமாமோட்டோ, 2016

ஜப்பானின் கியூஷூ தீவில் உள்ள குமாமோட்டோவில் 2016 ஏப்ரல் 14 இரவு 9:26 மணிக்கு ஜப்பானிய வானிலை முகமையின் கணக்கில் 6.5 அளவு நிலநடுக்கம் வந்தது. அதுதான் முதன்மை அதிர்வு, இனி பின்னதிர்வுகள்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சிலர் வீட்டுக்கும் திரும்பினார்கள். 28 மணி நேரம் கழித்து, 16ஆம் தேதி அதிகாலை 1:25க்கு 7.3 அளவில் அதைவிடப் பெரியது வந்தது. மஷிகி நகரம் அந்த இரண்டு நாளில் இரண்டு முறை, ஓர் இடம் எவ்வளவு குலுங்குகிறது என்பதைக் குறிக்கும் ஜப்பானிய அதிர்வுத் தீவிர அளவின் உச்சமான 7ஆம் நிலையில் குலுங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜப்பான் தன் அறிவிப்பு முறையையே மாற்றியது: பெரிய நிலநடுக்கம் வந்த உடனே இனி வருபவை சிறியவைதான் என்ற தொனியில் பேசுவதைக் கைவிட்டது.

அந்த 28 மணி நேரத்தின் பட்டியலை எத்தனையோ பேர் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். அடுத்து வரப்போவதற்கு அதில் ஏதாவது தடயம் இருந்ததா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஓட்டையுள்ள பட்டியலில் அதைத் தேடினால் கிடைப்பது தடயமா, ஓட்டையின் நிழலா என்று தெரியாது. ஜியான்சாங் ஜுவாங், யோசிஹிகோ ஒகாடா, டிங் வாங் மூவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலைத்தான் நேரடியாக எடுத்துக்கொண்டது. அவர்கள் கையாண்ட முறையின் மையக்கருத்து மிக எளிமையானது.

## ஓட்டையைக் கண்ணால் பார்ப்பது

ஒவ்வொரு நிலநடுக்கத்தையும் ஒரு புள்ளியாக வைத்துப் படம் வரையுங்கள். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அளவு. பெரிய நிலநடுக்கத்துக்கு அப்புறம் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கீழ்ப்பகுதியில் எப்போதுமே கூட்டம், மேலே எப்போதுமே வெறிச்சோடியிருக்கும். இப்படிப்பட்ட படத்தில் ஓட்டை கண்ணுக்கு எளிதில் சிக்காது.

அதனால் உண்மையான நேரத்துக்குப் பதில் வரிசை எண்ணைப் போடுகிறார்கள். முதலில் வந்தது 1, அடுத்தது 2. இரண்டுக்கும் நடுவே பத்து நொடி இருந்தாலும் பத்து நாள் இருந்தாலும் படத்தில் இடைவெளி ஒன்றுதான். அளவுக்கும் அப்படியே, சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தி வரிசை எண் தருகிறார்கள். இப்போது நெருக்கடியான நேரம் விரிந்துகொடுக்கிறது, வெறிச்சோடிய நேரம் சுருங்கிவிடுகிறது.

நிலநடுக்கங்களின் அளவுக் கலவை எந்நேரமும் ஒரே மாதிரி இருக்குமானால், இந்தச் சதுரத்தில் புள்ளிகள் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்க வேண்டும். பதிவு விட்டுப்போயிருந்தால், பெரிய நிலநடுக்கத்துக்கு அடுத்த இடத்தில், கீழ்ப்பக்கம் ஒரு வெற்றிடம் பளிச்சென்று தெரியும். குமாமோட்டோ பட்டியலில் அப்படித்தான் தெரிந்தது.

## நிரப்புவது

வெற்றிடத்தின் எல்லையைக் குறித்த பிறகு, மீதி இடத்தில் புள்ளிகள் எவ்வளவு அடர்த்தியாக உள்ளன என்று பார்க்கிறார்கள். உதாரணத்துக்கு, வெற்றிடம் சதுரத்தின் பத்தில் ஒரு பங்கு; மீதி ஒன்பது பங்கில் 900 புள்ளிகள். பங்குக்கு நூறு வீதம், வெற்றிடத்திலும் சுமார் நூறு இருந்திருக்க வேண்டும். தற்செயல் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், பெரும்பாலும் 80க்கும் 120க்கும் இடையில். அந்த வீச்சுக்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அத்தனை புள்ளிகளை வெற்றிடத்துக்குள் எழுந்தமானமாகத் தூவி, வரிசை எண்களை மறுபடி நேரமாகவும் அளவாகவும் மாற்றுகிறார்கள். வரிசை எண்களே ஓட்டையுள்ள பட்டியலிலிருந்து வந்தவை என்பதால் அவையும் சற்றுக் கோணலாக இருக்கும். அதைத் திருத்தி, மாற்றம் நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

முக்கியமானது, ஒருமுறை தூவியதோடு வேலை முடிவதில்லை. பல முறை தூவுகிறார்கள். ஒவ்வொரு முறையும் வேறு புள்ளிகள், வேறு பட்டியல். அத்தனை பட்டியல்களிலும் விடை ஏறக்குறைய ஒன்றாக வந்தால்தான் அந்த விடைக்கு மதிப்பு. தூவிய ஒரு தனிப் புள்ளியைக் காட்டி "ஏப்ரல் 16 அதிகாலை 1:40க்கு இப்படி ஒன்று நடந்தது" என்று யாரும் சொல்ல முடியாது, சொல்வதும் இல்லை. மீட்டெடுக்கப்படுவது எண்ணிக்கையும் பரவலும் மட்டுமே.

## நிரப்பாவிட்டால் என்ன கெட்டுப்போகும்?

கெட்டுப்போவது சிறிய விஷயம் இல்லை. கெய்தி அகி 1965இல் காட்டிய ஒரு வழியில், முழுமை அளவுக்கு மேலுள்ள நிலநடுக்கங்களின் சராசரி அளவைக் கொண்டே பி மதிப்பைக் கணக்கிடலாம். சராசரி அந்த முழுமை அளவைவிட 0.43 மேலே இருந்தால் பி மதிப்பு 1. இப்போது பட்டியலில் சிறியவை விட்டுப்போயிருக்கின்றன, நாம் கவனிக்கவில்லை என்று கொள்வோம். சிறியவை இல்லாததால் சராசரி உயர்ந்துவிடும். அது 0.62 ஆனால் பி மதிப்பு 0.7 என்று வரும்.

1க்கும் 0.7க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். பி மதிப்பு 1 என்றால் 4க்கு மேற்பட்ட ஆயிரத்தில் ஒன்றுதான் 7ஐத் தாண்டும். 0.7 என்றால் சுமார் 125இல் ஒன்று. நிலத்தில் எதுவும் மாறாமலே ஆபத்து எட்டு மடங்கு கூடிவிட்டதாகக் கணக்கு சொல்லும்.

இன்னொரு கோளாறும் உண்டு. பின்னதிர்வுகளைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படுவது, ஒகாடா 1988இல் முன்வைத்த எட்டாஸ் மாதிரி. அதில் ஒவ்வொரு நிலநடுக்கமும், சிறியதோ பெரியதோ, தனக்கென்று பின்னதிர்வுகளைத் தூண்டலாம். அவையும் தம் பங்குக்குத் தூண்டலாம். ஒரு குடும்ப மரம் மாதிரி கிளை விடும். பெரிய நிலநடுக்கத்துக்கு அடுத்த நிமிடங்களில் பிறந்தவை பட்டியலில் இல்லையென்றால், பெரியதுக்குப் பிறந்தவை குறைவு என்று மாதிரி தவறாகக் கற்றுக்கொள்ளும். அப்புறம் வந்தவற்றுக்கு வேறு யாரையாவது பெற்றோராக்கும். அந்த மாதிரியை வைத்து, வரும் மூன்று நாளில் இவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிட்டால் அதுவும் சரிந்த மதிப்பீடுதான். இடிபாடுகளுக்குள் ஆள் தேடும் மீட்புக் குழுவுக்கும், வீட்டுக்குள் போகப் பயந்து காரிலேயே படுத்திருக்கும் குடும்பத்துக்கும் அந்த எண் தேவைப்படுவது முதல் நாளில். பட்டியல் மிக மோசமாக இருப்பதும் அதே முதல் நாளில்.

சுருக்கமாக: விட்டுப்போன சிறிய நிலநடுக்கங்களால் யாருக்கும் நேரடி ஆபத்து இல்லை. அவை இல்லாத கணக்கு, பெரியவற்றைப் பற்றித் தப்பான விடை தருவதுதான் பிரச்சினை.

## சந்தேகப்பட வேண்டிய இடம்

இவ்வளவையும் தாங்கி நிற்பது ஒரே ஓர் அனுமானம்: அளவுக் கலவை எந்நேரமும் ஒரே மாதிரி இருக்கும் என்பது. அது உண்மையென்றால் வெற்றிடம் வெறும் பதிவுக் குறை. ஒருவேளை அந்தச் சில மணி நேரம் சிறியவை உண்மையிலேயே குறைவாக வந்திருந்தால்? அப்போது நாம் நிரப்புவது ஓட்டையை இல்லை. நிலம் சொன்ன ஒரு செய்தியின் மேல் பூசி மெழுகுகிறோம்.

இந்தச் சந்தேகம் கற்பனையானது இல்லை. லாரா குலியா, ஸ்டெஃபான் வீமர் இருவரும் 2019இல் குமாமோட்டோவையும் 2016இன் இத்தாலிய நிலநடுக்கத் தொடரையும் வைத்து ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒரு பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு பி மதிப்பு உயர்ந்தால் அதுதான் முதன்மை அதிர்வு. உயராமல் இறங்கினால் இன்னும் பெரியது வரக்கூடும். உண்மையானால் உயிர் காக்கும் செய்தி. பதிவு விட்டுப்போனாலும் பி மதிப்பு இறங்கியது போலத்தான் தெரியும் என்பதை மேலே பார்த்தோம். ஆகவே எது உண்மையான இறக்கம், எது ஓட்டையால் வந்த இறக்கம் என்பதில் விவாதம் இன்னும் ஓயவில்லை. என் பார்வையில், நிரப்பும் முறையை இந்தக் கேள்விக்கு மட்டும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விடையை முன்கூட்டியே அனுமானத்துக்குள் வைத்துவிட்ட முறை அது.

இதனால்தான் 2021இல் நிக்கோலஸ் வான் டெர் எல்ஸ்ட் முன்வைத்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் எதையும் நிரப்பவில்லை. பட்டியலில் தனக்கு முன்னால் வந்ததைவிடப் பெரியதாக உள்ள நிலநடுக்கங்களை மட்டும் எடுத்து, எவ்வளவு பெரியது என்ற வித்தியாசத்திலிருந்து பி மதிப்பைக் கணக்கிடுகிறார். முந்தையது பதிவாகியிருக்கிறது என்றால், அதைவிடப் பெரியது ஒன்று அடுத்து வந்தால் அதையும் கருவி தவறவிட்டிருக்காது அல்லவா? அதனால் அந்த வித்தியாசங்களை ஓட்டை பெரிதாகத் தொடுவதில்லை. பி மதிப்பு தெரிந்தால் போதும் என்றால் இது நல்ல வழி. மொத்தம் எத்தனை வந்தன என்று தெரிய வேண்டுமென்றால் நிரப்பித்தான் ஆக வேண்டும்.

## உண்மையாகவே தேடி எடுப்பது வேறு

இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு வேலை உண்டு. ஏற்கெனவே பதிவான ஒரு நிலநடுக்கத்தின் அலை வடிவத்தை அச்சாக வைத்துக்கொண்டு, பழைய பதிவு முழுவதும் அதைப் போன்ற வடிவம் இரைச்சலுக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கணினியால் தேடுவது. 2019இல் தெற்கு கலிபோர்னியாவின் 2008 முதல் 2017 வரையிலான பதிவுகளை இப்படித் துழாவியபோது, சுமார் 1,80,000 ஆக இருந்த பட்டியல் 18.1 லட்சமாக விரிந்தது. சராசரியாக 174 நொடிக்கு ஒன்று. அந்த நிலநடுக்கங்கள் உண்மையிலேயே நடந்தவை. ஒவ்வொன்றுக்கும் அலைப் பதிவு இருக்கிறது. புள்ளியியல் நிரப்பலில் அப்படி எதுவும் இல்லை. பெரிய நிலநடுக்கத்துக்கு அடுத்த நிமிடங்களில் அலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்போது இந்தத் தேடலும் திணறும். அங்கேதான் நிரப்பலுக்கு வேலை மிஞ்சுகிறது.

## நூற்றாண்டு அளவிலான ஓட்டைகள்

"முன்பெல்லாம் இத்தனை நிலநடுக்கம் இல்லை" என்ற பேச்சுக்கும் இதே கணக்குதான் பதில். 1960களின் தொடக்கத்தில், அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்கும் தேவையால், ஒரே தரத்திலான கருவிகள் உலகம் முழுவதும் நிறுவப்பட்டன. அதன்பின் 4, 5 அளவுள்ளவை பட்டியல்களில் கூடின. 7க்கு மேற்பட்டவற்றின் நீண்டகாலச் சராசரியோ ஆண்டுக்குச் சுமார் 16. சில ஆண்டு கூடும், சில ஆண்டு குறையும்.

பழைய காலத்துக்கு ஆய்வாளர்கள் பெரும்பாலும் புள்ளிகளைத் தூவுவதில்லை. ஒவ்வொரு அளவுக்கும் பட்டியல் எந்த ஆண்டிலிருந்து முழுமையாக இருக்கிறது என்று தனித்தனியே கண்டுபிடிக்கிறார்கள். 7க்கு மேற்பட்டவற்றை நூறு ஆண்டால் வகுக்கலாம் என்றால், 4க்கு மேற்பட்டவற்றை, அதே இடத்தில், கடைசி முப்பது நாற்பது ஆண்டால் மட்டும் வகுப்பார்கள். அதற்கு முந்தைய சிறியவற்றைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஒரு கட்டடம் எந்த அளவு அதிர்வைத் தாங்க வேண்டும் என்று முடிவுசெய்யும் வரைபடங்களுக்கு அடியில் இருப்பது இப்படி அளவுக்கு அளவு வேறு வேறு ஆண்டுகளால் வகுத்த எண்கள்தான்.